எம்பிபிஎஸ் முடிச்சு பிஜி (முதுகலை மருத்துவ மாணவர்) ஆகும்போது வார்டுல உண்மையில என்ன மாறுது? (வடசென்னை, ஜெனரல் மெடிசின் சேரப் போறவங்களுக்கு)

#1 வண்ணை_சிஆர்ஆர்ஐ

வணக்கம். ஹவுஸ் சர்ஜன் பயிற்சி (சிஆர்ஆர்ஐ) முடியப் போகுது. எம்.டி. ஜெனரல் மெடிசின், வடசென்னையில ஒரு அரசு மருத்துவமனை. மாணவனா இருந்தப்போ கேஸ் பிரசண்ட் பண்ணினா வேலை முடிஞ்சுது. சிஆர்ஆர்ஐயில ரத்தம் எடுக்கிறது, கேனுலா போடுறது, ரிப்போர்ட் வாங்கிட்டு வர்றது. பிஜி ஆனா எல்லாமே மாறும்னு சொல்றாங்களே தவிர, எது மாறும்னு யாரும் விவரமா சொல்றதில்ல. அட்மிஷன் டே எப்படி ஓடும்? ராத்திரி எங்கெங்க தப்பு நடக்கும்? தீசிஸை எப்போ தொடங்கணும்? சொந்தக் கதைகளை விட்டுட்டு, வார்டுல நேரா பயன்படுற மாதிரி சொன்னா நல்லா இருக்கும் அண்ணா, அக்கா.

#2 தங்கசாலை_மெடிசின்

தம்பி, மாணவன்கிட்ட கேட்கிற கேள்வி "இது என்ன நோய்?" பிஜிகிட்ட கேட்கிறது "அடுத்து என்ன செய்யணும், எத்தனை மணிக்குள்ள, யார் செய்யப் போறாங்க?" நோயைச் சரியா கண்டுபிடிச்சும் ஒரு பொட்டாசியம் ரிப்போர்ட்டைப் பார்க்காம விட்டதால நோயாளி போயிடலாம். அறிவு மாணவனுக்கும் இருக்கு. பொறுப்பு மட்டும் உங்க பேர்ல வந்து உட்காருது.

அட்மிஷன் டே: யூனிட்டுக்கு வாரத்துல ஒரு குறிப்பிட்ட நாள். அன்னைக்குக் காலையில இருந்து மறுநாள் காலை வரைக்கும் மெடிசினுக்கு வர்ற அவசர கேஸ் எல்லாம் உங்க யூனிட்டுக்கு. மறுநாள் போஸ்ட் அட்மிஷன் ரவுண்ட்ஸ். சீஃப் வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு பெட்டுக்கும் பதில் தயாரா இருக்கணும். இதுக்கு மூளையை நம்பாதீங்க, பேப்பரை நம்புங்க. ஒரு ஏ4 தாளை நாலா மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கோங்க. பெட் நம்பர், ஐபி (உள்நோயாளி) நம்பர், பேர், வயசு, ஒரு வரியில பிரச்சினை. அதுக்குப் பக்கத்துல அனுப்பின ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் நாலு கட்டம்: அனுப்பியாச்சு, வந்துச்சு, பார்த்தாச்சு, செஞ்சாச்சு.

சிஆர்ஆர்ஐயில முதல் ரெண்டு கட்டத்தோட நம்ம வேலை முடிஞ்சுது. பிஜிக்கு வேலை மூணாவதுல தொடங்குது. அதிகமா விபத்து நடக்கிறதும் ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல தான். ரிப்போர்ட் லேப் அலமாரியில இருக்கும், இல்லன்னா கேஸ் ஷீட்டுக்குள்ள சொருகியிருக்கும், பொட்டாசியம் 6.8னு, உயிருக்கே ஆபத்தான அளவு. யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. சாயங்காலம் 4 மணிக்கு ஒரு தடவை, ராத்திரி 10 மணிக்கு ஒரு தடவை அந்தத் தாளை மேல இருந்து கீழ வரைக்கும் படிங்க. நாலாவது கட்டம் காலியா இருக்கிறவங்களை மட்டும் போய்ப் பாருங்க.

#3 கொருக்குப்பேட்டை_ஐஎம்சியு

ராத்திரி தப்பு பெரும்பாலும் கணக்குல தான் வரும். டிகேஏவையே (இன்சுலின் பத்தாம சர்க்கரை நோயாளி ரத்தத்துல அமிலம் ஏறுறது) எடுத்துப்போம், வாரம் தவறாம வரும்.

முதல் ஒரு மணி நேரத்துல நார்மல் சலைன் சுமார் ஒரு லிட்டர். வயசானவங்க, இதயம் பலவீனமானவங்க, டயாலிசிஸ்ல இருக்கிறவங்கன்னா குறைச்சு, நெஞ்சைக் கேட்டுக் கேட்டுக் கொடுக்கணும். பொட்டாசியம் தெரியாம இன்சுலின் தொடங்கக் கூடாது. 3.5-க்குக் கீழன்னா முதல்ல பொட்டாசியம் ஏத்தணும், இன்சுலின் அப்புறம். நம்ம ஊர் கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு) ஆம்பூல் 10 மில்லி, 15 சதவீதம், அதுல 20 மில்லி ஈக்விவலண்ட். நேரா நரம்புல தள்ளவே கூடாது. சலைன்ல கலந்து, கை நரம்பு வழியான்னா மணிக்கு 10 மில்லி ஈக்விவலண்ட்டுக்கு மேல போகாம. கலந்ததும் பாட்டிலை நாலஞ்சு தடவை தலைகீழா கவிழ்த்துக் குலுக்கணும், இல்லன்னா பொட்டாசியம் அடியில தங்கி முதல்ல அதுவே இறங்கும்.

இன்சுலின் கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட். இங்க ஒரு பொறி இருக்கு. இங்க புழங்குற வயல்ல பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், தனியார்ல இருந்து வர்றவங்க கையில மில்லிக்கு 100 யூனிட் கணக்குல கோடு போட்ட சிரிஞ்ச் இருக்கும். 40 யூனிட் வயலை 100 சிரிஞ்ச்ல "50" கோடு வரைக்கும் இழுத்தா நிஜத்துல வர்றது 20 யூனிட் தான். "சுகர் இறங்கவே மாட்டேங்குது"ன்னு டோஸை ஏத்திட்டே போவாங்க, அடுத்த ஷிப்ட்ல சரியான சிரிஞ்ச் வந்ததும் சுகர் 40-க்குப் போயிடும். சிரிஞ்ச் பம்ப்புக்கு 50 மில்லி சலைன்ல 50 யூனிட் வேணும்னா, 40 வயல்ல இருந்து 1.25 மில்லி. அப்போ ஒரு மில்லிக்கு ஒரு யூனிட், 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 6 மில்லி. பிளாஸ்டிக் டியூப் இன்சுலினை உறிஞ்சும், அதனால நோயாளிக்கு இணைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் கரைசலை டியூப் வழியா ஓடவிட்டுக் கொட்டிடுங்க.

சுகர் 250-க்குக் கீழ வந்ததும் இன்சுலினை நிறுத்திடுறது முதல் வருஷ பிஜிகிட்ட அடிக்கடி பார்க்கிற தப்பு. நிறுத்தக் கூடாது, டெக்ஸ்ட்ரோஸ் சேர்க்கணும். நாம துரத்துறது அமிலத்தை, சுகரை இல்ல. கடைசியில இன்ஃப்யூஷனை நிறுத்துறதுக்கு 1-2 மணி நேரம் முன்னாடியே தோலுக்கடியில லாங் ஆக்டிங் இன்சுலின் போட்டிருக்கணும். மறந்தா அடுத்த ராத்திரி டிகேஏ திரும்பி வந்து நிக்கும்.

#4 வண்ணை_சிஆர்ஆர்ஐ

இந்த 40, 100 விஷயம் எந்தப் புத்தகத்துலயும் இப்படி இல்லண்ணா, நன்றி. ஒரு சந்தேகம். நைட் டியூட்டியில இன்ஃப்யூஷன் எல்லாம் நாங்களும் போட்டோமே, அப்போ பிஜிக்கு என்ன வித்தியாசம்?

#5 தங்கசாலை_மெடிசின்

போட்டது நீங்க. "போடு"ன்னு எழுதினது வேற ஒருத்தர். ஒரு மணி நேரம் கழிச்சு அது வேலை செய்யலன்னா என்னன்னு யோசிச்சதும் அவர்தான். அந்த "ஒரு மணி நேரம் கழிச்சு" தான் பிஜி வேலை.

பூச்சிமருந்து குடிச்சு வர்ற கேஸ் பாருங்க. முறிமருந்தான அட்ரோபின் ஆம்பூல் 0.6 மி.கி. முதல்ல 3 ஆம்பூல். 5 நிமிஷம் கழிச்சு நெஞ்சைக் கேட்கணும். இன்னும் கரகரன்னு இருந்தா 6, அப்புறம் 12, அப்புறம் 24. மாணவனுக்கு "டோஸை இரட்டிப்பாக்கு"ங்கிறது ஒரு வரி. வார்டுல நாலாவது ரவுண்டுக்குள்ள 45 ஆம்பூல் உடைச்சிருக்கணும், அதுக்கு ரெண்டு பேர் உடைக்கணும், ஸ்டாக் இருக்கான்னு முதல் ரவுண்டுலயே சிஸ்டர்கிட்ட கேட்டிருக்கணும். நுரையீரல் தெளிவாகி, துடிப்பு 80-க்கு மேல, பிரஷர் 80-க்கு மேல, அக்குள் காய்ஞ்சாச்சுன்னா, மொத்தம் கொடுத்ததுல 10-20 சதவீதம் மணிக்கு இன்ஃப்யூஷன். 27 மி.கி. கொடுத்திருந்தா மணிக்கு 2.7-ல இருந்து 5.4 வரைக்கும். அதுக்கப்புறம் ஆள் உளறி, உடம்பு கொதிச்சு, குடல் சத்தம் நின்னு போச்சுன்னா அட்ரோபின் அதிகமாயிடுச்சு. நிறுத்திட்டு, அடங்கினதும் குறைச்சுத் தொடங்கணும். "கண்மணி விரிஞ்சா போதும்"னு அதை மட்டும் பார்த்துட்டு இருக்கிறவங்க ஏமாறுவாங்க. கண்மணி தாமதமா விரியும்.

எலி பேஸ்ட் இதுக்கு நேர் எதிர். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட்டைச் சாப்பிட்டவங்க முதல் நாள் ரெண்டு வாந்தி எடுத்துட்டு நல்லா உட்கார்ந்து பேசுவாங்க. ரெண்டாவது நாள் இட்லி சாப்பிடுவாங்க. வீட்டுக்காரங்க "நல்லா தான் கீது டாக்டர், இட்டுக்கினு போறோம்"னு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பப் பார்ப்பாங்க. கல்லீரல் அடிவாங்குறது அதுக்கப்புறம் தான் வெளியே தெரியும். தினமும் எல்எஃப்டி (கல்லீரல் டெஸ்ட்), பிடி-ஐஎன்ஆர் (ரத்தம் உறையுற டெஸ்ட்). அவங்களை உட்கார வெச்சு, "இன்னைக்கு நல்லா இருக்கிறது இந்த விஷத்தோட குணம், மூணாவது நாள் கண் மஞ்சளாகி ரத்தம் உறையாம போகும், அதைப் பார்க்கத்தான் இங்க வெச்சிருக்கோம்"னு நேரடியா சொல்லணும். அந்தப் பத்து நிமிஷப் பேச்சும் சிகிச்சை தான். தேர்வுல அதுக்கு மார்க் கிடையாது.

#6 ஸ்டாஃப்_நர்ஸ்_மூலகொத்தளம்

டாக்டர், எங்க பக்கத்துல இருந்து மூணு விஷயம்.

வாய்மொழி ஆர்டர் கொடுத்துட்டுப் போயிடாதீங்க. சிபிஆர் நேரம்னா பரவாயில்ல, நாங்க திருப்பிச் சொல்லி உறுதி பண்ணிக்குவோம். மத்த நேரம் எழுதிட்டு நேரம் போட்டுக் கையெழுத்துப் போடுங்க. "யூனிட்"ங்கிறதை வெறும் "யு"ன்னு கிறுக்காதீங்க, அது பூஜ்யமா தெரியும், 6 யூனிட் 60 ஆயிடும்.

கிராஸ்மேட்ச் (ரத்தம் ஏத்துறதுக்குப் பொருத்தம் பார்க்கிற) சாம்பிள் எடுத்துட்டு நர்சிங் ஸ்டேஷன்ல வந்து லேபிள் எழுதாதீங்க. பெட் பக்கத்துலயே நின்னு, நோயாளி வாயாலயே பேரைச் சொல்ல வெச்சு, ஐபி நம்பரைப் பார்த்து எழுதுங்க. நாலு டியூபைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து மேஜையில வெச்சு எழுதுறப்போ தான் மாறிப் போகுது. எங்க வார்டுகள்ல ஒரே பேர்ல மூணு பேர் இருக்கிற நாள் உண்டு. ரத்தம் ஏத்தத் தொடங்கினதும் முதல் 15 நிமிஷம் மெதுவா ஓடணும், பக்கத்துலயே இருந்து பார்க்கணும். பை பிளட் பேங்க்கை விட்டு வந்தா 4 மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிருக்கணும்.

மூணாவது, ராத்திரி 2 மணிக்கு நாங்க "இந்த ஆள் சரியில்ல டாக்டர்"னு கூப்பிட்டா, ஆக்சிஜன் சாச்சுரேஷன் எவ்வளவுன்னு போன்லயே கேட்டுட்டு விட்டுடாதீங்க. வந்து பாருங்க. நம்பர் மாறுறதுக்கு முன்னாடி முகம் மாறும்.

#7 எண்ணூர்_ஆசிரியர்

சகோதரி சொன்ன கடைசி விஷயத்தை ஒவ்வொரு முதலாண்டு பிஜியும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அதையொட்டி, மேலே இருப்பவர்களை எப்போது அழைப்பது என்பதைச் சொல்கிறேன். கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர் தாமதமாக அழைப்பதுதான் ஆபத்து. தேவையில்லாமல் அழைத்தார் என்று ஒருவரும் கெட்டுப்போனதில்லை.

ஒரு லிட்டர் திரவத்துக்குப் பிறகும் சிஸ்டாலிக் (மேல்) பிரஷர் 90-க்குக் கீழே, ஆக்சிஜன் மாஸ்க் போட்டும் சாச்சுரேஷன் 90-ஐத் தாண்டவில்லை, ஜிசிஎஸ் (நினைவு நிலையின் மதிப்பெண்) இரண்டு புள்ளி இறங்கியது, பொட்டாசியம் 6.5-க்கு மேல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அல்லது நோயாளியை வீட்டார் அழைத்துச் செல்லப் பார்க்கிறார்கள்: இவற்றில் ஒன்று இருந்தாலும் போன் எடுக்க வேண்டும். பேச்சை எங்கே தொடங்குவது என்பதில்தான் மாணவப் பழக்கம் தெரிகிறது. "மேடம், 52 வயது ஆண், சர்க்கரை நோயாளி, பத்து ஆண்டுகளாக..." என்று தேர்வு மேடை போலத் தொடங்குவார்கள். "மேடம், 14-ஆம் பெட், செப்டிக் ஷாக், நார்அட்ரினலின் தொடங்கியும் பிரஷர் 80, நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்று முதல் வாக்கியத்திலேயே தேவையைச் சொல்லுங்கள். வரலாறு பிறகு.

வரலாறு எடுப்பதிலும் ஒன்று. "குடிப்பழக்கம் உண்டு" என்று மட்டும் எழுதப்பட்ட கேஸ் ஷீட் பாதி கேஸ் ஷீட்தான். நம் பகுதியில் குவார்ட்டர், கட்டிங் என்றுதான் கேட்க வேண்டும். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீதச் சரக்கில் அது சுமார் 60 கிராம் ஆல்கஹால். கடைசியாகக் குடித்த நேரத்தையும் கேட்டு எழுதுங்கள். குடி நின்றதும் வலிப்பு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரலாம், டெலீரியம் ட்ரெமன்ஸ் (நடுக்கத்தோடு வரும் புத்தித் தடுமாற்றம்) 48 முதல் 96 மணி நேரத்துக்குள். வேறு ஏதோ நோய்க்குச் சேர்ந்தவர் மூன்றாம் நாள் இரவு கட்டிலைப் பிடித்து ஆட்டினால் காரணம் முதல் நாள் கேஸ் ஷீட்டிலேயே இருந்திருக்க வேண்டும். குளுக்கோஸுக்கு முன் தயமின் (வைட்டமின் பி1).

#8 ராயபுரம்_ஓஜி

மெடிசின் இழைதான், ஆனாலும் வடசென்னையில பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் அரசு மருத்துவமனைன்னு எல்லாருக்கும் தெரியும், எக்லாம்ப்சியாவுக்கு (கர்ப்பகால வலிப்பு) மெடிசின் பிஜியைக் கூப்பிடுறதும் சகஜம். அதனால சுருக்கமா.

அதுக்கான மருந்து மெக்னீசியம் சல்பேட், ஆம்பூல் 50 சதவீதம், 2 மில்லி, ஒரு கிராம். நரம்புல 4 கிராம்னா 4 ஆம்பூலோட 12 மில்லி சலைன் சேர்த்து 20 மில்லி ஆக்கி, அஞ்சு நிமிஷத்துக்குக் குறையாம மெதுவா. பிறகு ரெண்டு பின்பக்கத்துலயும் 5 கிராம், 5 கிராம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை 5 கிராம் கொடுக்கிறதுக்கு முன்னாடி முழங்கால் ரிஃப்ளெக்ஸ், மூச்சு எண்ணிக்கை, நாலு மணி நேரத்துல 100 மில்லி சிறுநீர்: மூணும் இருந்தா மட்டும் அடுத்த டோஸ். மெக்னீசியம் அதிகமானா முறிக்கிற கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி ஆம்பூல் தட்டுல பக்கத்துலயே இருக்கணும், அலமாரியில இல்ல.

#9 காசிமேடு_கேஷுவாலிட்டி

காகித வேலையைப் பத்தி யாரும் பேசல. மாணவனா இருந்தப்போ ஃபாரன்சிக் ஒரு பாடம். பிஜி ஆனதும் அது உங்க கையெழுத்து.

விஷம், தீக்காயம், தூக்கு, விபத்து, அடிதடி, இறந்த நிலையில கொண்டு வந்தது: எல்லாமே ஏஆர் (விபத்துப் பதிவேடு) என்ட்ரி, போலீஸுக்கு இன்டிமேஷன். இப்படிச் சேர்ந்தவர் பத்து நாள் கழிச்சு செப்சிஸ்ல (ரத்தத் தொற்று) இறந்தாலும் எம்எல்சி (போலீஸ் விசாரணைக்குரிய கேஸ்) தான், இறப்புக் காரணச் சான்று கொடுத்து உடலை அனுப்பிடக் கூடாது. பெண்ணா இருந்தா கல்யாணமாகி எத்தனை வருஷம்னு கேட்டு எழுதுங்க. 7 வருஷத்துக்குள்ளன்னா ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை வரும். 2024 ஜூலைக்கு அப்புறம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சிஆர்பிசி) 174 இப்போ புதுச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 194, ஃபார்ம்ல பழைய நம்பர் இருந்தாலும் குழம்பாதீங்க.

இயற்கை மரணத்துக்கு ஃபார்ம் 4, அதாவது இறப்புக் காரணச் சான்று. அதுல முதல் வரியில "கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்"னு எழுதுறது நம்ம ஊரோட தீராத பழக்கம். எல்லாரும் இதயம் நின்னுதான் இறக்கிறாங்க, அது காரணம் இல்ல. (அ) செப்டிக் ஷாக், (ஆ) அக்யூட் பைலோநெஃப்ரைட்டிஸ் (சிறுநீரகத் தொற்று), பகுதி 2-ல சர்க்கரை நோய், இப்படிக் கீழ இருந்து மேல காரணம் தொடரணும். ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு காலம்னும் எழுதணும்.

துறைமுகம், பட்டறைப் பக்கம் இருந்து விரல் துண்டிச்சு வர்றவங்க உண்டு. ஸ்டான்லி மருத்துவமனையில கை அறுவை சிகிச்சைக்குன்னே தனித் துறை இருக்கு, அங்க அனுப்புறதுக்கு முன்னாடி துண்டு விரலை சலைன்ல நனைச்சுப் பிழிஞ்ச காஸ் துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல வைங்க. விரலை நேரா ஐஸ்ல போட்டா திசு உறைஞ்சு ஒட்ட வைக்க முடியாம போயிடும்.

#10 புதுவண்ணை_டிஎன்பி

எல்லாம் சரி, ஆனா வேலை நேரத்தை யாராவது சொல்லணும். 36 மணி நேரம் முழிச்சிருக்கிறது தான் பயிற்சின்னு பெருமை பேசறதை நிறுத்துங்க. 1992-லயே மத்திய சுகாதார அமைச்சகத்தோட ரெசிடென்சி உத்தரவு வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு சொல்லுது. 2023 பிஜி விதிமுறையில வாரம் ஒரு நாள் விடுப்பு, வருஷத்துக்கு 20 நாள் கேஷுவல் லீவு, 5 நாள் அகாடமிக் லீவு இருக்கு. கேட்கிறது உரிமை.

#11 தங்கசாலை_மெடிசின்

உரிமைங்கிறதுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா அட்மிஷன் டேல ஆள் பத்தாதப்போ யாராவது நிக்கணுமே. அந்த ராத்திரி நோயாளியோட போக்கைத் தொடர்ந்து பார்க்கிறது பெரிய பாடம். டெங்குவையே எடுத்துக்கோங்க. காய்ச்சல் விடுற சமயத்துல தான் பிசிவி (ரத்தத்துல சிவப்பணுக்களோட விகிதம்) ஏறும், அடுத்த 24-48 மணி நேரத்துக்கு 4-6 மணி நேரத்துக்கு ஒரு தடவை பிசிவி பார்த்து திரவத்தைக் கூட்டிக் குறைக்கணும். ஷிப்ட் மாறிட்டே இருந்தா, ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசியுறது நின்ன பிறகும் பழைய வேகத்துலயே ஓடி நுரையீரல்ல நீர் கட்டும்.

#12 புதுவண்ணை_டிஎன்பி

அதுக்குத் தீர்வு ஒழுங்கான ஓவர் கொடுக்கிறது (அடுத்த ஷிப்ட் ஆள்கிட்ட ஒப்படைக்கிறது) தான். ஒரே ஆளைத் தூங்க விடாம வைக்கிறது தீர்வே இல்ல. மோசமா இருக்கிறவங்களை முதல்ல சொல்லணும், "11 மணிக்கு பிசிவி பாரு, 20 சதவீதம் ஏறியிருந்தா கூட்டு, இறங்கி சிறுநீர் நல்லா போனா குறை"ன்னு நிபந்தனையோட சொல்லணும், வாங்கிக்கிறவர் திருப்பிச் சொல்லணும். "பார்த்துக்கோ"ங்கிறது ஓவர் இல்ல. அப்புறம், டியூட்டி முடிஞ்சு கன்டெய்னர் லாரிக்கு நடுவுல எண்ணூர் நெடுஞ்சாலையில பைக் ஓட்டிட்டுப் போகாதீங்க. திருவொற்றியூர் பக்கம் வீடுன்னா வண்ணாரப்பேட்டையில மெட்ரோ ஏறிடுங்க.

#13 எண்ணூர்_ஆசிரியர்

ஓவர் பற்றி அவர் சொன்னதே சரி. தூக்கமில்லாத கண்ணுக்கு தசமப் புள்ளி தெரியாது, மேலே சொன்ன இன்சுலின் கணக்கெல்லாம் அந்தக் கண்ணால்தான் செய்யப்படுகிறது.

தீசிஸ்: முதல் மூன்று மாதத்துக்குள் தலைப்பு. அரிய நோயைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் பிழை. உங்கள் யூனிட்டின் அட்மிஷன் ரெஜிஸ்டரைப் புரட்டி, நீங்கள் நினைக்கும் நோயாளிகள் மாதத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், அதில் சேர்க்கத் தகுதியானவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எட்டுப் பேர் தேறினால் 12 மாதத்தில் 96. அதற்கு மேல் சாம்பிள் கேட்கும் தலைப்பை விட்டுவிடுங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் வரும் முன் ஒரு நோயாளியின் தரவைக்கூட எடுக்கக் கூடாது. ஒப்புதல் படிவம் தமிழில், நோயாளிக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். மாவட்ட ரெசிடென்சி (மாவட்ட மருத்துவமனைப் பணி) மூன்று மாதம், மூன்று, நான்கு அல்லது ஐந்தாம் செமஸ்டரில் வரும். அந்த மாதங்களில் உங்கள் வார்டு நோயாளிகள் கிடைக்கமாட்டார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். லாக் புக்கை அன்றன்றைக்கே எழுதுங்கள்.

#14 வண்ணை_சிஆர்ஆர்ஐ

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு: சேர்றதுக்கு முன்னாடி இந்த வாரத்துல செஞ்சு முடிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

#15 ஸ்டாஃப்_நர்ஸ்_மூலகொத்தளம்

ஹெபடைட்டிஸ் பி ஆன்டிபாடி டைட்டர் பாருங்க டாக்டர். தடுப்பூசி போட்டிருந்தாலும் 10-க்குக் கீழ இருந்தா திரும்பப் போடணும். ஊசி குத்திட்டா அழுத்திப் பிழியாம சோப்புத் தண்ணியில கழுவிட்டு உடனே சொல்லுங்க. எச்ஐவி தடுப்பு மருந்து முடிஞ்சா 2 மணி நேரத்துக்குள்ள, அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள்ள தொடங்கணும், 28 நாள் விடாம சாப்பிடணும். ராத்திரி அந்த மருந்து எந்த அலமாரியில இருக்கும், சாவி யார்கிட்ட இருக்கும்னு சேர்ற அன்னைக்கே எங்ககிட்ட கேட்டு வெச்சுக்கோங்க.